மணி அடிக்காத ஞாயிறு

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாதி முகம் சவரம் செய்திருந்தேன். தொலைபேசி அடித்தது. பேசியவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். பசுமலையில் டாக்டர் எபனேசரின் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் தியானத்துக்கு உட்காரும் ஏழெட்டுப் பேரில் ஒருவர். அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் துக்கத்தைவிடப் பூரிப்புத்தான் அதிகம் இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

"டாக்டரய்யா, சார் சமாதி ஆயிட்டாரு. உக்காந்த வாக்குல. யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க அந்த மூளை மெஷின எடுத்துக்கிட்டு ஒடனே வாங்க. உள்ள ஓடுதான்னு பாத்துருவோம்."

"மூச்சு இருக்கா?" என்று கேட்டேன்.

"மூச்சு இல்லய்யா. அதுனாலதான் சொல்லுறேன்."

முந்தைய நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி கேண்டீனில் என் தட்டில் இருந்த வடையை எடுத்துத் தின்றுவிட்டு, "ஒனக்கு ஆகாது மாப்ள, ஒன் நெஞ்சு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் எபனேசர். என் நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது. மெஷினை எடுக்கவில்லை, அது பீரோ கனம். ஸ்டெதாஸ்கோப்பையும் எடுக்கவில்லை. ஒரு கன்னத்தில் சோப்பு காய, ஸ்கூட்டரில் பசுமலைக்குப் போனேன். வழியெல்லாம் அந்தப் போஸ்ட்மாஸ்டரைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதற்கு வேறு யாரும் அகப்படவில்லை.

அங்கே கண்டதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நேரே அங்கே போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அவரை அறிந்த நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் நரம்பியல் மருத்துவர், நான் உடலியல் பாடம் நடத்துகிறவன். இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. நான் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் என்னை "மாப்ள" என்பார், நானும் அவரை "மாப்ள" என்பேன். எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது. அவர் மனைவி கிரேஸ், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, என்னை அண்ணன் என்று அழைத்ததால் அது ஒருவழியாக உறவாகிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எபனேசரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். வலிப்பு நோயாளிகளுக்காக ஈ.ஈ.ஜி. படித்துவர. மூளையின் மின்னலைகளைப் பேனா முனைகள் தாளில் கிறுக்கிக்கொண்டே போகும் இயந்திரம் அது. மதுரையில் அன்று அதை இயக்கத் தெரிந்தவர்கள் அரிது. அங்கே அவருடைய பேராசிரியர், தியானம் செய்யும் ஜென் துறவிகளின் தலையில் கம்பிகளை ஒட்டி அலைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தாராம். இவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? கம்பி ஒட்டப்பட்ட ஆளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கம்பியின் மறுமுனையில் நிற்பது கேவலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தானும் போய் மடாலயத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊர் திரும்பியபோது விமான நிலையத்துக்கு அவர் சொந்தபந்தங்களோடு நாங்களும் வேன் பிடித்துப் போயிருந்தோம். எல்லோரும் டேப் ரெக்கார்டரை எதிர்பார்த்தோம். அவர் கையில் கறுப்புத் துணி தைத்த உருண்டைத் தலையணை ஒன்று இருந்தது.

"அண்ணே, நான் டேப் ரெக்கார்டர் கேட்டேன். இவரு தலகாணி வாங்கியாந்திருக்காரு," என்றார் கிரேஸ்.

"இது தலைக்கு இல்ல, இதுல உக்காரணும்," என்றார் இவர். வேனில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

நான் எதையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. அவரை இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு மதியம் அவர் ஈ.ஈ.ஜி. அறையில் கால்களை மடக்கி, கண்ணைப் பாதி திறந்து உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று ஓர் எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டினேன். சாதாரண ஆளுக்கு முதல் தட்டலில் அலைகள் திடுக்கிட்டுச் சிதறும். பிறகு பழகிப்போகும். தட்டு, தட்டாமல் போ, மூளை கண்டுகொள்ளாது. இவருக்குப் பழகவே இல்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் அலைகள் புதிதாகத் திடுக்கிட்டு, உடனே பழைய அமைதிக்குத் திரும்பின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுக்கு அனுப்புவோம் என்று குதித்தேன்.

"ஒரு ஆளு, ஒரு டம்ளரு. இது ஆராய்ச்சியா மாப்ள?" என்றார். "பேனா கிறுக்குனது அம்புட்டும் சரி. நீ தட்டுனத நான் கேட்டேன்ல, அந்தக் கேட்டது தாள்ல எங்க இருக்குன்னு காட்டு. அப்புறம் எழுதலாம்."

நான் காட்டவில்லை. யாராலும் காட்ட முடியாது என்று அவருக்கும் தெரியும். நனவு என்பது மூளையின் வேலை என்று நான் வாதிடுவேன். "சரிப்பா, யாரு இல்லைன்னா? எப்பிடின்னு சொல்லு" என்பார். கேண்டீனில் எங்கள் மேசைக்கு யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.

அவரிடம் வந்த நோயாளிகளில் ஒரு பஸ் கண்டக்டர் என் நினைவில் நிற்கிறார். அவருக்கு வருவது கீழே விழுந்து துடிக்கும் வலிப்பு அல்ல. நின்ற நிலையிலேயே சில நேரம் தன்னை மறந்துவிடுவார். அந்த நேரத்திலும் கை டிக்கெட் கிழித்துக் கொடுக்கும், வாய் விசில் ஊதும், ஆள் பார்த்து வழிவிடும். தெளிந்த பிறகு, திருமங்கலத்திலிருந்து இங்கே எப்படி வந்தேன் என்று கேட்பார். எபனேசரால் இதைத் தாங்க முடியவில்லை. என் அறைக்கு ஓடிவந்து, "மாப்ள, உள்ள ஆளே இல்லாம பஸ் நிறைய டிக்கெட் போட்டிருக்காருய்யா! அப்ப நீயும் நானும் பகல் பூராவும் பண்ணுறதுல எம்புட்டுக்கு ஆள் இருந்து பண்ணுறோம்?" என்று கத்தினார். கத்திவிட்டு அதோடு விடவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, தானே டெப்போவுக்குப் போய் அதிகாரியிடம் பேசி, அந்த மனிதரை ஓடும் பஸ்ஸிலிருந்து இறக்கி உள்வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் யோசிப்பதும் உதவுவதும் ஒரே மூச்சில் நடக்கும். நான் யோசிப்பதோடு நின்றுவிடுவேன்.

ஞாயிறு மாடிக்கு வருகிறேன். கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது கிரேஸ் போட்ட நிபந்தனை. தியானம் முடிந்ததும் இவர் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஆராதனை தொடங்குமுன் கோயில் பெஞ்சில் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். போதகர், இவர்கள் வழக்கில் ஐயர், ஒருமுறை அவரைத் தனியே அழைத்து, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார். "ஐயரே, ஜெபத்துல நாம பேசுறோம். இது அவரு பேசுறப்பக் குறுக்க பேசாம இருக்குறதுக்குப் பழகுறது," என்றாராம்.

மாடியிலுள்ள குறுகிய அறையில் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். அறையின் நடுப்பக்கம் முதுகு இருக்கும். எபனேசர் மட்டும் எதிர்ச் சுவரில் சாய்ந்து, அவர்கள் முதுகுகளைப் பார்த்து உட்காருவார். முழங்கால் தேய்ந்த பிறகு இரண்டு தலையணைகளை அண்டை கொடுத்துக்கொண்டார். அவர் அருகில் ஒரு பித்தளைக் கைமணி. அவர் அடித்தால் தொடக்கம், அவர் அடித்தால் முடிவு. இடையில் யாரும் திரும்பக் கூடாது, பேசக் கூடாது, கடிகாரம் பார்க்கக் கூடாது. "சத்தம் வந்தா வரட்டும். காது இருக்கு, கேக்கும். நீங்க எந்திரிச்சுப் போயி அதுக்குக் கதவத் தெறக்க வேணாம்," என்பார். நானும் ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்தேன். குறட்டை விட்டுவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். அத்தோடு சரி.

அங்கே வருகிறவர்களில் முத்திருளாண்டியைத் தெரியாதவர் இருக்க முடியாது. கப்பலூரில் போல்ட்டு, நட்டு செய்யும் சின்னத் தொழிற்சாலையின் முதலாளி. பெரிய உடம்பு, உரத்த குரல், அதைவிட உரத்த கோபம். முதன்முதலில் நோயாளியாகத்தான் வந்தார். "சார், எனக்குச் சுள்ளுன்னு கோவம் வருது. கையில இருக்குறத எறிஞ்சிருறேன். மண்டைக்குள்ள வயரு எதுவும் அத்துப்போச்சான்னு பாருங்க." எபனேசர் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "வயரெல்லாம் கெட்டியா இருக்கு. ஞாயித்துக்கெழமை காலையில வீட்டுக்கு வாங்க," என்றார். வந்தவர் வருடக்கணக்கில் ஒரு வாரம் தவறவில்லை. எபனேசருக்கு மிக அருகில் உட்காருகிறவரும் அவர்தான்.

இனித் தள்ளிப்போட முடியாது.

அந்த ஞாயிறு தொடக்க மணி அடித்தது. முடிவு மணி அடிக்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் மணிக்காகக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கால் மரத்தது, இடுப்பு கடுத்தது. சார் இன்று நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். ஒருவர் என்னிடம், வாழ்க்கையில் அன்று உட்கார்ந்ததுபோல் என்றுமே உட்கார்ந்ததில்லை என்றார். அவர் கழுத்தை நெரித்திருப்பேன். அவர்களுக்குப் பின்னால் என் நண்பர் சுவரில் சாய்ந்தபடி செத்திருந்தார். ஒருவரும் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று அவர்தானே அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்!

கோயிலில் கிரேஸ் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துப் பிடித்து வைத்திருந்தார். முதல் பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, ஆள் வரவில்லை. இவருக்கு உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும் என்ற கோபத்தோடு வீட்டுக்கு வந்து, சண்டை போடுவதற்கென்றே மாடி ஏறியிருக்கிறார்.

"எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்கண்ணே. அசையாம. அவரு மட்டும் என்னையப் பாத்துக்கிட்டு இருக்காரு. நான் பேரச் சொல்லிக் கூப்புடுறேன். அப்பக்கூட இவங்க திரும்பல," என்றார் என்னிடம்.

நான் போனபோது போஸ்ட்மாஸ்டர் கைகளை விரித்துக்கொண்டு காவல் நின்றார். கிரேஸ் இரண்டடி தள்ளித் தரையில், கோயில் புடவையோடு உட்கார்ந்திருந்தார். "தொடக் கூடாதாம்ணே. எம் புருசன நான் தொடக் கூடாதாம்." நான் அந்த மனிதரைத் தள்ளிவிட்டுப் போய் எபனேசரின் கழுத்தில் விரல் வைத்தேன். சில்லிட்டிருந்தது. விரல்கள் மடியில் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக இருந்தன. அதைக் காட்டி, "முத்திரை கலையல பாருங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"செத்துப்போயிட்டாருய்யா!" என்று கத்தினேன். "மனுசன் செத்துப்போயிட்டாரு. நகருங்க." அதைக் கேட்ட பிறகுதான் கிரேஸ் அழுதார். அதுவரைக்கும் அழுவதற்கு அவருக்கு இடம் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மாரடைப்பு என்று நாங்கள் மருத்துவர்கள் பேசி முடிவு செய்தோம். முடிவு என்பது பெரிய வார்த்தை, எங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஊரில் வேறு கதை ஓடியது. எபனேசர் டாக்டர் நினைத்த நேரத்தில் மூளையை நிறுத்திக்கொண்டாராம். மாலை வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் மாடியைப் பார்க்க வந்தார்கள். வலிப்பு நோயாளிக்கு மாத்திரை எழுதுகிறவரை, அடுத்தவன் வடையைப் பிடுங்கித் தின்கிறவரை, இப்படி மூட்டை கட்டிச் சாமியாக்குகிறார்களே என்று வயிறு எரிந்தது. கிரேஸ் மாடிக் கதவைப் பூட்டிவிட்டார்.

முத்திருளாண்டி அடக்கத்துக்கு வரவில்லை. தொழிற்சாலையும் பூட்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு மாலை கப்பலூருக்குப் போனேன். லேத்துகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்த உரத்த குரலைக் காணோம்.

"எனக்குக் கேட்டுச்சு டாக்டரய்யா," என்றார்.

"என்ன கேட்டுச்சு?"

"சாரு மூச்சு. ஒரே ஒரு தடவ, பெருசா விட்டாரு. எனக்குப் பின்னாடி கைக்கெட்டுற தூரம். சத்தம் வந்தா வரட்டும்னு இருந்தேன். அவரு சொன்ன மாதிரியே இருந்தேன். அதுக்கப்புறம் அங்க எதுவுமே கேக்கல. எம்புட்டு அமைதின்னு மனசுக்குள்ள சந்தோசப்பட்டேன்யா." முகத்தை இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டார். "நான் திரும்பியிருந்தா பொழச்சிருப்பாரா?"

பெரும்பாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றேன். திரும்பியிருந்தாலும் என்ன செய்திருப்பீர்கள், தண்ணீர் தெளித்திருப்பீர்கள், டாக்ஸிக்கு ஓடியிருப்பீர்கள், ஆஸ்பத்திரி சேரும் முன் எல்லாம் முடிந்திருக்கும் என்றேன். அவர் "பெரும்பாலும்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அதை என்னால் எடுத்துவிட முடியவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். எபனேசரின் பெயரைச் சொல்லிக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? நாங்க அம்புட்டுப் பேரும் முதுகக் காட்டி உக்காந்திருக்கோம்னு?"

இதயம் நின்றால் சில நொடிகளில் நனவு போய்விடும். அதைப் பாடத்தில் நடத்துகிறேன். அந்தச் சில நொடிகளில் உள்ளே என்ன இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. வருடக்கணக்காக நானும் எபனேசரும் வடையும் டீயுமாகப் பேசித் தீர்த்த கேள்வி இதுதான். செத்த ஆளைத் தெரியாத வரைக்கும் அது நல்ல கேள்வியாக இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். இந்த மனிதர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயம் வந்துவிட்டது. அவர் மனைவியிடம் சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

கிரேஸிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினேன். சொன்னேன். "கூட்டிட்டு வாங்க," என்றார். குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. திட்டுவதற்காகத்தான் என்று நினைத்தேன். முத்திருளாண்டியும் அப்படித்தான் நினைத்து வந்தார். நாற்காலியில் உட்கார மறுத்து ஹாலில் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த மூச்சு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார் கிரேஸ்.

"அம்மா, என்னைய மன்னிச்சிருங்க..."

"அத விடுங்க. எப்பிடி இருந்துச்சு? விட்டுக் காட்டுங்க."

முத்திருளாண்டி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண்ணை மூடி, தோள்களைக் கொஞ்சம் தூக்கி, மூக்கு வழியாக ஒரு மூச்சை நீளமாக விட்டார். கடைசியில் தொண்டையில் லேசான ஒரு முனகல். அவ்வளவுதான்.

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவை விட்டார்.

கிரேஸ் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு எடுத்தார். "இது அவரு ஷூவக் கழட்டுறப்ப விடுற மூச்சு," என்றார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்து இதே எடத்துல உக்காந்து, குனிஞ்சு கயித்த அவுத்துட்டு, நிமிந்து இப்பிடித்தான் விடுவாரு. கல்யாணமான நாள்ல இருந்து கேக்குறேன். நான் அடுப்படியில இருப்பேன். ஒரு நாளும் என்னன்னு திரும்பிப் பாத்ததில்ல." முத்திருளாண்டி பக்கம் திரும்பினார். "அன்னைக்கு மாடியில நான் இருந்திருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன், தம்பி."

அந்தப் பெரிய உடம்பு குலுங்கியதைப் பார்த்தேன். கிரேஸ் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கப்பலூரில் இப்போது லேத்துகள் ஓடுகின்றன.

என்னைக் கேட்டால், எபனேசர் என்னிடம் விட்டுப்போனது தியானம் அல்ல. எனக்கு இன்றும் உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. நனவு என்றால் என்ன என்பதற்கு விடையும் அல்ல. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருப்பேன், முன்வரிசையில் யாராவது சலித்துப்போய் மூச்சு விடுவார்கள், சாக்பீஸோடு திரும்பிவிடுகிறேன். மாணவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். வீட்டில் என் மனைவி துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டால் பேப்பரைப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். "என்ன?" என்கிறாள். "ஒண்ணுமில்ல," என்கிறேன். அவளுடைய அடுத்த மூச்சு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.